கடையின் கரண்ட் பில்லைக் குறைக்க: மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ராத்திரி பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டி, விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மீட்டர் மட்டும் விடியும் வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே கூல்டிரிங்ஸ் பிரிட்ஜும் ஐஸ்கிரீம் பெட்டியும் யாரும் இல்லாத கடையைக் காவல் காக்கின்றன. மளிகைக் கடையின் கரண்ட் பில்லில் பாதிக்கு மேல் இந்தக் குளிர்பெட்டிகளின் கணக்குதான். ஆனால் பில் ஏறியதும் நாம் முதலில் அணைப்பது மின்விசிறியையும் போர்டு லைட்டையும். எங்கள் கடையிலும் பல வருஷம் அப்படித்தான் நடந்தது. பில் குறையவில்லை, கடை இருட்டானது, அவ்வளவுதான்.

இங்கே நான் சொல்வது தமிழ்நாட்டில் 200, 300 சதுர அடியில் நடக்கும் மளிகைக் கடைக்குப் பொருந்தும்: பால், தயிர், குளிர்பானம், ஐஸ்கிரீம், கொஞ்சம் காய்கறி. பெரிய சூப்பர் மார்க்கெட்டின் கணக்கு வேறு.

அட்டையையும் பில்லையும் படியுங்கள்

கடை இணைப்புக்கு வீட்டு இணைப்பு மாதிரி 100 யூனிட் இலவசம் கிடையாது. இரண்டு மாதத்தில் 100 யூனிட்டைத் தாண்டிய கடைக்கு, 2024 ஜூலை மாற்றத்தில் யூனிட் 10 ரூபாய் 15 காசு ஆனது. அதற்கு அடுத்த வருஷமும் கொஞ்சம் ஏறியது. மனக்கணக்குக்குச் சுலபமாக யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்ஜ் இல்லாத சின்னப் பெட்டிக்கடையாக இருந்தால் அந்த 100 யூனிட் கோட்டுக்குக் கீழேயே நிற்கப் பாருங்கள். தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் விலைதான்.

பில்லில் இன்னொரு வரி உண்டு, நிலைக் கட்டணம். இது நீங்கள் எரித்த யூனிட்டுக்கு வருவதில்லை, உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவுக்கு வருவது. கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். 5 கிலோவாட் அனுமதி வாங்கி வைத்திருந்தால், கடையை இரண்டு மாதம் பூட்டியே போட்டாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். முன்பு அதே இடத்தில் ஜெராக்ஸ் கடையோ மாவு மில்லோ இருந்திருந்தால் மின்பளு அதிகமாகவே இருக்கும். மீட்டரின் திரையில் எண்கள் மாறி மாறி வரும்போது ‘எம்.டி.’ என்று ஒன்று வரும். ஒரே நேரத்தில் நீங்கள் இழுத்த அதிகபட்ச லோடு அதுதான். கோடைக்கால மாதங்களிலும் அது 2, 2.5 என்றே நின்றால், 5 கிலோவாட்டை 3 ஆகக் குறைக்க இ.பி. செக்ஷன் ஆபீஸில் விண்ணப்பிக்கலாம். ஒரு கோடை முழுவதும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குறைத்த பிறகு லோடு தாண்டினால் அதற்கும் பணம் கேட்பார்கள்.

வீட்டின் முன்னறையைக் கடையாக மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு இணைப்பிலேயே கடையை ஓட்டுவது சேமிப்பு ஆகாது. சோதனையில் பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள், அதுவும் பின்தேதியிலிருந்து.

ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு சோதனை

இதற்கு ஒரு பைசா செலவில்லை. ராத்திரி கடை மூடிய பிறகு எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். பிரிட்ஜ், பிரீசர், கேமரா, பில் போடும் கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் எல்லாம். பத்து நிமிஷம் நிறுத்தினால் ஐஸ்கிரீம் உருகிவிடாது. அப்புறம் மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும். கரண்ட் ஓடினால் மினுக்கும், ஓடாவிட்டால் மினுக்கக் கூடாது.

எங்கள் கடையில் மினுக்கியது. அதுவும் வேகமாக. நானும் எலக்ட்ரீஷியனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இருபது நிமிஷம் கழித்துத் தானாக நின்றது. அந்த நிமிஷத்தில்தான் மாடியில் தண்ணீர் மோட்டார் சத்தமும் நின்றது. கட்டடத்துக்கே பொதுவான மோட்டாரின் வயர் எங்கள் மீட்டரிலிருந்து போயிருக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 600 ரூபாய். எத்தனை வருஷம் கட்டினோமோ தெரியவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, வயரிங் செய்தபோது எந்த லைன் பக்கத்தில் இருந்ததோ அதில் கொடுத்துவிட்டார்கள். வீட்டு உரிமையாளரைக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினோம், அடுத்த வாரமே மாற்றிக் கொடுத்தார். வாயால் சொல்லி வாதாடுவதைவிட அந்த மினுக்கலைக் காட்டுவது நல்லது.

மோட்டார் தவிர மாடிப்படி விளக்கு, பக்கத்துக் கடை வயர், ஈரச் சுவரில் கசியும் கரண்ட் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சின்ன சுவிட்சை, அதாவது எம்.சி.பி.யை, ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் எந்த லைன் என்று தெரிந்துவிடும். கசிவு என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அது பில்லோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து.

எது எவ்வளவு தின்கிறது

அதே சிவப்பு விளக்கை வைத்து ஒவ்வொரு பொருளையும் அளக்கலாம். மீட்டர் முகப்பில் 3200 இம்ப் என்றோ 1600 இம்ப் என்றோ எழுதியிருக்கும். 3200 என்றால், 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். ஒரே ஒரு பொருளை மட்டும் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 64 தடவை மினுக்கினால், 64-ஐ 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுக்க 1.2 வரும். அதாவது 1.2 கிலோவாட் ஓடுகிறது.

விளக்குக்கும் மின்விசிறிக்கும் இது போதும். பிரிட்ஜுக்கு இப்படிப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகுகிற வாட் மீட்டர் ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. 16 ஆம்பியர் தாங்குவதாக வாங்கி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முழு நாள் போடுங்கள். நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

எங்கள் கடையில் வந்த கணக்கு இது. புதிய கூல்டிரிங்ஸ் பிரிட்ஜ் நாளுக்கு 4 யூனிட், பழையது 7, ஐஸ்கிரீம் பெட்டி 4. பழைய டியூப்லைட் ஆறும் சேர்ந்து 3.7, மூன்று மின்விசிறி 3 சொச்சம், இன்வெர்ட்டர், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 2. மொத்தம் நாளுக்கு 24 யூனிட்டை ஒட்டி. அதில் 15 யூனிட் குளிர்பெட்டி மூன்றுக்கு மட்டுமே. பழைய பிரிட்ஜ் ஒன்றே இரண்டு மாதத்துக்கு 4,200 ரூபாய். அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எங்கே கை வைக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது.

கூல்டிரிங்ஸ் பிரிட்ஜ்: இங்கேதான் பணம் இருக்கிறது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரிட்ஜின் அடியில் இருக்கும் கம்பித் தட்டியைக் கழற்றுங்கள். இரண்டு ஸ்குரூதான். உள்ளே கார் ரேடியேட்டர் மாதிரி மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும், அதுதான் கன்டென்சர். பெட்டிக்குள் இருந்து உறிஞ்சிய சூட்டை வெளியே தள்ளும் இடம். எங்கள் பழைய பிரிட்ஜில் அந்தத் தகடே கண்ணுக்குத் தெரியவில்லை. கடலை மாவும் மிளகாய்த்தூளும் சாக்குத் தூசியும் சேர்ந்து பழுப்பு நிறக் கம்பளி மாதிரி மூடியிருந்தது. இழுத்தால் பட்டையாக உரிந்து வந்தது. துணிக்கடையில் இருக்கும் பிரிட்ஜைவிட மளிகைக் கடை பிரிட்ஜ் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நாம் விற்பதே தூள் பறக்கும் சரக்கு. சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், சீக்கிரம் எரிந்தும் போகும்.

பெயின்ட் அடிக்கும் இரண்டு அங்குலப் பிரஷ் போதும். தகடு போகும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். மாதம் ஒரு தடவை, ஏதாவது ஒரு அமாவாசை என்று நாள் வைத்துக்கொண்டால் மறக்காது. மாவு, மிளகாய்த்தூள் அளக்கும் இடத்தை பிரிட்ஜ் பக்கத்திலிருந்து தள்ளி வைப்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

அடுத்தது கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. நான்கு பக்கமும் அடி அடியாக நகர்த்திப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் கைப்பிடிக்கு எதிர்க் கீழ் மூலைதான் போயிருக்கும். ரப்பர் விறைத்திருந்தால் முதலில் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, சோப்பு நீரால் பிசுக்கைத் துடைத்துப் பாருங்கள். பல ரப்பர் அதிலேயே திரும்ப ஒட்டும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கண்ணாடிக் கதவு தானாக வந்து மூடுகிறதா என்றும் பாருங்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறப்பார்கள், ஒருவரும் மூட மாட்டார்கள். பெட்டியின் முன்கால்களைத் திருகி ஒரு விரல் அளவு உயர்த்தினால் கதவு தன் எடையிலேயே மூடிக்கொள்ளும்.

பிரிட்ஜ் எங்கே நிற்கிறது? பெரும்பாலான கடைகளில் வாசலில், வெயில் படும் இடத்தில், போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று. வியாபாரத்துக்கு அது வேண்டும்தான். ஆனால் மேற்குப் பார்த்த கடையில் மூன்று மணி வெயில் அந்தக் கண்ணாடி வழியாக நேரே பாட்டில்மேல் அடிக்கிறது. நாலடி உள்ளே தள்ளினாலும் ரோட்டிலிருந்து தெரியும். தள்ள இடமில்லை என்றால் மதியத்துக்கு மட்டும் ஒரு தார்ப்பாயோ பச்சை வலையோ இறக்குங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அந்த இடுக்கில் காலி அட்டைப்பெட்டிகளைச் சொருகி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சரக்கு அடுக்கும் நேரமும் முக்கியம். வேனில் வந்த சூடான பாட்டிலை மதியம் உள்ளே வைத்தால், ஏற்கனவே திணறுகிற பெட்டிக்கு மேலும் சுமை, வாங்குபவருக்கும் பாதி ஜில்தான் கிடைக்கும். ராத்திரி மூடும்போது அடுக்குங்கள், புதியது பின்னால், குளிர்ந்தது முன்னால். காற்று வரும் வழியை அடைக்காமல் அடுக்க வேண்டும்.

குளிர் அளவு: குளிர்பானத்துக்கு 4, 5 டிகிரி போதும். பாலும் தயிரும் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சித்திரையில் கடைசி எண்ணுக்குத் திருகிய குமிழ் மார்கழியிலும் அங்கேயே நிற்கும், யாரும் தொடுவதில்லை. 200, 300 ரூபாய்க்கு ஒரு பிரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்து, பார்த்துப் பார்த்துக் குறையுங்கள்.

ராத்திரி பிரிட்ஜை நிறுத்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பால், தயிர், பனீர் இருக்கும் பெட்டியை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். வெறும் குளிர்பானமும் தண்ணீரும் மட்டும் இருக்கும் பெட்டி என்றால் நிறுத்தலாம். காலையில் திரும்பக் குளிரவைக்க அதே கரண்ட் ஆகிவிடும் என்று சொல்வார்கள். அது சரியில்லை. உள்ளே குளிர் குறையக் குறைய வெளிச்சூடு உள்ளே நுழைவதும் குறையும், அதனால் மிச்சம்தான். 16 ஆம்பியர் டைமர் ஒன்று போட்டு, ராத்திரி 10 முதல் காலை 4 வரை நிற்கும்படி வைத்தால் ஆறு மணிக்குக் கடை திறக்கும்போது ஜில்லென்று இருக்கும். ஆனால் இதற்காக ஒரே பெட்டியில் பாலையும் கோலாவையும் கலந்து வைக்கக் கூடாது. முதலில் பிரித்து அடுக்க வேண்டும்.

இரண்டு பெட்டி எதற்கு?

ஒரு கணக்குப் பாருங்கள். 34 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் பானத்தை 4 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு யூனிட்தான் ஆகும். மழைக்காலத்தில் நாளுக்கு 50 லிட்டர் எங்கே விற்கிறது? ஆனாலும் பெட்டி நாலு, ஐந்து யூனிட் தின்கிறது. அதாவது கரண்டின் பெரும்பகுதி விற்கிற பாட்டிலைக் குளிரவைக்கப் போவதில்லை, விற்காத பாட்டிலைக் குளிராகவே வைத்திருக்கப் போகிறது. அதனால் ஐப்பசி முதல் தை வரை எங்கள் கடையில் ஒரு பிரிட்ஜ்தான் ஓடும். மற்றதைக் காலி செய்து, துடைத்து, பூசணம் பிடிக்காமல் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துவிடுவோம்.

நிறுத்தியது அந்த 7 யூனிட் பெட்டியை. அது ஒரு குளிர்பானக் கம்பெனி கொடுத்தது. இலவசமாக வருகிறது என்று சந்தோஷப்பட்டு வாங்கி வைக்கிறோம், கரண்ட் நம் பில்லில்தான் வரும். பத்து வருஷப் பழைய பெட்டியாக இருந்தால் அந்த இலவசத்துக்கு வருஷம் 20,000 ரூபாய்க்கு மேல் கட்டுகிறோம். அந்தக் கம்பெனிச் சரக்கில் வருஷத்துக்கு எவ்வளவு லாபம் நிற்கிறது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கட்டுப்படியாகாவிட்டால் வாட் மீட்டர் அளவைச் சேல்ஸ்மேனிடம் காட்டிப் புது மாடல் கேளுங்கள். போட்டிக் கம்பெனிகள் இருக்கும் தெருவில் இந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. மழைக்காலத்தில் நிறுத்தி வைக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐஸ்கிரீம் பெட்டி

மைனஸ் 18 டிகிரி வேண்டும், அதில் சமரசம் கூடாது. மிச்சப்படுத்த வேண்டியது பனிக்கட்டியில். உள்சுவரில் அரை அங்குலம் பனி ஏறிவிட்டால் அது குளிரை மறைக்கும் போர்வை ஆகிவிடும். அரை செ.மீ. ஏறும்போதே எடுத்துவிடுங்கள். சரக்கு குறைவாக இருக்கும் நாளில், ஐஸ்கிரீமைத் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, பெட்டியை அணைத்து, மூடியைத் திறந்து வைத்தால் தானாக இளகும். ஸ்குரூடிரைவரால் குத்தாதீர்கள். நான் ஒரு தடவை அவசரத்தில் குத்தினேன், உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. சுவருக்குள் போகும் குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் முழுவதும் போய்விட்டது. அந்தப் பெட்டியைச் சரிசெய்யவே முடியவில்லை.

கண்ணாடி மூடிப் பெட்டி சரக்கைக் காட்டும், கரண்டும் அதிகம் தின்னும். ராத்திரி அதன்மேல் ஒரு தடித்த போர்வையோ தெர்மாகோல் பலகையோ போடுங்கள், ஆனால் பக்கவாட்டில் காற்று போகும் துளைகளை மூடாமல். உள்ளே இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்க வேண்டாம். புதிதாக வாங்குவதாக இருந்தால் விலையோடு ஸ்டார் லேபிளில் அச்சிட்டிருக்கும் வருஷ யூனிட்டையும் பார்த்து, இரண்டு மாடலுக்கு உள்ள வித்தியாசத்தை 10 ரூபாயால் பெருக்குங்கள். பழைய பெட்டியை மலிவாக வாங்கியவர்கள் இரண்டே வருஷத்தில் அந்த மலிவைக் கரண்டில் கட்டிவிடுகிறார்கள்.

விளக்கும் மின்விசிறியும்

பழைய 40 வாட் டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. டியூப் 20 வாட் போதும். ஆறு விளக்கு, நாளுக்கு 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 135 யூனிட், 1,350 ரூபாய் மிச்சம். ஒரே பில்லில் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும், அதனால் இதில் யோசிக்க எதுவும் இல்லை.

மின்விசிறியில் யோசிக்க வேண்டும். சாதாரணம் 75 வாட், பி.எல்.டி.சி. என்கிற குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த விசிறி 30 வாட். மூன்று விசிறி 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 1,100 ரூபாய் மிச்சம். விலை ஒன்று 3,000 என்றால் போட்ட காசு வர ஏறக்குறைய 16 மாதம் ஆகும். இருப்பதைக் கழற்றிப் போட வேண்டாம், எது கெட்டுப்போகிறதோ அதை மாற்றும்போது பி.எல்.டி.சி.யாக வாங்குங்கள். கல்லாவுக்கு மேல் நாள் முழுக்க ஓடும் விசிறி மட்டும் விதிவிலக்கு, அதை முதலிலேயே மாற்றலாம்.

இன்வெர்ட்டர், கேமரா, வோல்டேஜ்

வயதான பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறவே ஏறாது, நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டால் சூடாக இருக்கிறதா, அடிக்கடி தண்ணீர் கேட்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போகாத நாளிலும் இன்வெர்ட்டர் ஒரு யூனிட்டுக்கு மேல் தின்றால் பேட்டரி முடிந்துவிட்டது. கேமராவை அணைக்க வேண்டாம், அதற்கான டிவியை ராத்திரி அணைத்தால் போதும். மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் ஊரில் பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் அவசியம். அது கரண்டை மிச்சம் பிடிக்காது, கம்ப்ரசரைக் காப்பாற்றும்.

கூரையும் ஏ.சி.யும் சோலாரும்

தகரம் அல்லது சிமென்ட் ஷீட் கூரை என்றால் கடைக்குள் பெட்டிகள் பாடுபடுவது அந்தச் சூட்டோடுதான். பங்குனியில் மேலே வெள்ளைச் சுண்ணாம்போ குளிர்க்கூரைப் பெயின்ட்டோ அடியுங்கள். ஏ.சி. வைத்திருப்பவர்கள் 26 டிகிரியில் வைத்து விசிறியும் போடலாம். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. கதவு திறந்தே இருக்கும் கடையில் ஏ.சி. போடுவது தெருவைக் குளிரவைப்பதுதான். சோலாரில் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். மத்திய அரசின் சூர்ய கர் மானியம் வீடுகளுக்கு மட்டும்தான். வாடகைக் கட்டடத்தில் இதைத் தொடாதீர்கள்.

எந்த வரிசையில் செய்வது

முதல் வாரம் மினுக்கல் சோதனை, கன்டென்சர் சுத்தம், நோட்டுச் சோதனை, குமிழைச் சரிசெய்வது. செலவு பிரஷ், தெர்மாமீட்டர் விலைதான். அடுத்த பில்லுக்குள் எல்.இ.டி., ரப்பர், டைமர். அந்த பில்லில் மிச்சமானதை எடுத்து கல்லா விசிறி. பிரிட்ஜ் மாற்றுவது கடைசியில், அதுவும் வாட் மீட்டர் சொன்னால் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கடை திறந்ததும் மீட்டர் ரீடிங்கைத் தினசரி காலண்டரின் அன்றைய தாளிலேயே எழுதி, கிழித்து, கல்லாவில் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். ஒரு வாரம் 130 யூனிட் ஓடிய கடையில் திடீரென்று 160 ஓடினால், பில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பிரிட்ஜ் கதவில் பத்து ரூபாய் நோட்டை வைத்துப் பாருங்கள்.